தைவான் நீரிணை: கப்பல்களை எண்ணும் முன் எரிவாயுத் தொட்டியைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: “2027-க்குள் சீனா தைவானைப் பிடித்துவிடும், அமெரிக்கா குறுக்கே வரும், உலகப் போர் மூளும் என்கிறார்களே. உண்மையில் ஆபத்து எவ்வளவு? நடந்தால் எப்படி நடக்கும்?”

முதலில் என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். லட்சக்கணக்கான வீரர்களைக் கடல் தாண்டி இறக்கும் முழுப் படையெடுப்பு, சீனாவின் கையில் உள்ள வழிகளிலேயே கடினமானது. அதைவிட மிகப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து, ஒரு குண்டும் வெடிக்காமல் கப்பல்களை நிறுத்துவது. போர்க்கப்பல் அனுப்ப வேண்டியதில்லை. கடலோரக் காவல் படை போதும், ‘சுங்கச் சோதனை’ என்று ஒரு பெயர் போதும். அதனால் தைவானைப் பற்றி யோசிக்கும்போது இரு பக்க ஏவுகணைகளை எண்ணுவதற்கு முன், அந்தத் தீவில் எரிவாயு எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று பாருங்கள். சட்டப்படி இருக்க வேண்டிய இருப்பு 11 நாள்.

2027 எங்கிருந்து வந்தது? 2021 மார்ச்சில் அமெரிக்காவின் இந்தோ-பசிபிக் படைத் தளபதி அட்மிரல் பில் டேவிட்சன், செனட் குழு முன் பேசும்போது “அடுத்த 6 ஆண்டுகளுக்குள்” இந்த ஆபத்து வெளிப்படலாம் என்றார். 2021-உடன் 6-ஐக் கூட்டி 2027 ஆக்கினார்கள். அது சீன ராணுவத்தின் நூற்றாண்டு என்பதும் சேர்ந்துகொண்டது. பிறகு சி.ஐ.ஏ. தலைவராக இருந்த வில்லியம் பர்ன்ஸ், 2027-க்குள் தயாராக இருக்கும்படி சீன அதிபர் ஷி ஜின்பிங் தன் படைக்கு உத்தரவிட்டிருக்கிறார் என்றார். தயாராக இருப்பது வேறு, தாக்க முடிவெடுப்பது வேறு என்பதையும் கூடவே சொன்னார். முதல் பாதி பரவிய அளவுக்கு இரண்டாவது பாதி பரவவில்லை. போதாததற்கு, 2025 அக்டோபரில் சீனா தன் 9 உயர்நிலை ராணுவ அதிகாரிகளைக் கட்சியிலிருந்தே நீக்கியது. அவர்களில் ஒருவரான ஹே வெய்டோங், தைவானை நோக்கி நிற்கும் கிழக்குப் படைப் பிரிவுக்கே தலைமை தாங்கியவர். தளபதிகளை நம்பாத தலைமை, அந்தத் தளபதிகளை நம்பி இவ்வளவு பெரிய சூதாட்டத்தில் இறங்குமா என்பது நியாயமான சந்தேகம்.

தீவு யாருடையது என்ற வழக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1895-ல் ஷிமோனோசெகி உடன்படிக்கைப்படி சிங் பேரரசு தைவானை ஜப்பானுக்குக் கொடுத்தது. 1945-ல் ஜப்பான் தோற்றதும் சியாங் காய்-ஷேக்கின் சீனக் குடியரசு அதை ஏற்றுக்கொண்டது. 1949-ல் கம்யூனிஸ்டுகளிடம் பெருநிலத்தை இழந்த சியாங் அரசு அங்கேயே போய்க் குடியேறியது. 1951 சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் ஜப்பான் தைவான் மீதான உரிமையைக் கைவிட்டது. யாருக்காகக் கைவிடுகிறது என்று அதில் எழுதப்படவில்லை. 1971-ல் ஐ.நா. இருக்கை பெய்ஜிங்குக்குப் போனது. அந்த 2758-ஆம் தீர்மானத்தில் தைவான் என்ற சொல்லே கிடையாது. பெய்ஜிங்கின் கட்சி அரசு தைவானை ஒரு நாள்கூட ஆண்டதில்லை. ஆனாலும் அதை விட்டுக்கொடுக்கும் எந்தத் தலைவரும் அங்கே பதவியில் நீடிக்க முடியாது.

அமெரிக்காவின் நிலை ஒரே ஒரு சொல்லில் தொங்குகிறது. தைவான் சீனாவின் பகுதி என்ற சீனாவின் நிலைப்பாட்டை அமெரிக்கா ‘அறிந்திருக்கிறது’ என்கிறது, இரு நாடுகளும் 1979-ல் வெளியிட்ட கூட்டறிக்கையின் ஆங்கிலப் பிரதி. ‘ஏற்கிறது’ என்று சொல்லவில்லை. ஆனால் அதன் சீனப் பிரதியில் அங்கீகரிப்பது என்று பொருள்படும் சொல்லே இருக்கிறது. இரு தரப்பும் 45 ஆண்டுகளுக்கும் மேலாக அவரவர் பிரதியை வைத்துக்கொண்டே பேசுகின்றன. அதே 1979-ல் வந்த தைவான் உறவுச் சட்டம், தற்காப்புக்கான ஆயுதங்களை விற்கச் சொல்கிறது. தாக்குதல் வந்தால் படை அனுப்பியே ஆக வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. பைடன் அதிபராக இருந்தபோது, காப்பாற்றுவோம் என்று ஒரு முறைக்குப் பல முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் வெள்ளை மாளிகை, கொள்கை மாறவில்லை என்று விளக்கம் கொடுத்தது.

இப்போது கடலுக்கு வருவோம். நீரிணை மிகக் குறுகிய இடத்தில் சுமார் 130 கிலோமீட்டர், சராசரியாக 180. மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வரும் படைக்கப்பல் 180 கிலோமீட்டரைக் கடக்க ஆறரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் அது திறந்த கடலில் தெரியும். தைவானிடம் லாரிகளில் ஏற்றி இடம் மாற்றி மாற்றிச் சுடக்கூடிய ஷியுங் ஃபெங் ஏவுகணைகள் உண்டு, அமெரிக்காவின் ஹார்பூன் உண்டு, கடற்கண்ணிகள் உண்டு. அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அந்தக் குறுகலான கடலில் அலையை உயர்த்திவிடும். கோடையில் சூறாவளி. பெரிய கப்பல் கூட்டம் நிம்மதியாகக் கடப்பதற்கு ஏப்ரலை ஒட்டிச் சில வாரங்கள், அக்டோபரை ஒட்டிச் சில வாரங்கள், அவ்வளவுதான்.

கரை இன்னும் மோசம். மேற்குக் கரையில் பெரும்பகுதி சேற்று மட்டம். தைச்சுங் பக்கம் கடல் ஏறி இறங்கும் உயரம் 4 மீட்டர் அளவுக்குப் போகும். நீர் வற்றினால் கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே நெடுந்தூரம் சேறு. அதைத் தாண்டினால் மீன் குட்டைகள், நெல் வயல்கள், அப்புறம் நெருக்கமான நகரங்கள். கிழக்குக் கரை மலைச் சுவர். 1944-ல் அமெரிக்காவே இந்தத் தீவை ஜப்பானிடமிருந்து பிடிக்கத் திட்டம் போட்டது. தேவைப்படும் ஆள்பலத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்து, அதைக் கைவிட்டுவிட்டு பிலிப்பைன்ஸின் லூசானுக்கும் ஜப்பானின் ஒகினாவாவுக்கும் போனது.

சேறும் ஓதமும் என்ன செய்யும் என்பதற்கு 1949 அக்டோபரே சாட்சி. சீனாவின் ஃபூஜியான் மாகாணக் கரைக்கு எதிரே, இன்றும் தைவான் வசம் இருக்கும் கின்மென் தீவில், குனிங்டோ என்ற இடத்தில், கம்யூனிஸ்ட் படையின் சுமார் 9,000 பேர் அதிகாலை இருட்டில் இறங்கினார்கள். வந்தது மீன்பிடிப் படகுகளில். இறங்கியபோது கடல் ஏற்றத்தில் இருந்தது. ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய் அடுத்த அணியை ஏற்றி வர வேண்டும் என்பதுதான் திட்டம். அதற்குள் தண்ணீர் வற்றிவிட்டது. படகுகள் கரையிலேயே தரைதட்டி நின்றன. விடிந்ததும் சியாங்கின் படை அவற்றைக் கொளுத்தியது. எதிர்க்கரையில் இரண்டாவது அணி காத்துக்கொண்டிருந்தது, ஏற்றி வரப் படகு இல்லை. மூன்று நாளில் இறங்கியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் செத்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். முதல் அணியை இறக்குவது ஒரு வேலை. அதற்குப் பின்னால் சோறும் குண்டும் டீசலும் ஓயாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய வேலை.

சீனா இந்தப் பாடத்தை மறக்கவில்லை. 2025 தொடக்கத்தில் குவாங்சோ கப்பல் கட்டும் தளத்தில் விசித்திரமான மிதவைகள் தென்பட்டன. கால்களைக் கடல் தரையில் ஊன்றி நீர்மட்டத்துக்கு மேலே எழும்பி நிற்பவை. முன்னால் நீண்ட பாலம். மூன்றை அடுத்தடுத்து கோத்தால் 800 மீட்டருக்கு மேல் நீளும் தற்காலிகத் துறைமுகம். லாரிகளையும் கார்களையும் ஏற்றிச் செல்லும் வணிகப் பயணக் கப்பல்களை அதன் முனையில் கட்டினால், பீரங்கி வண்டிகள் சேற்றை மிதிக்காமல் சாலைக்கே ஓடிவிடலாம். ஆனால் கால் ஊன்றி நிற்கும் மிதவை நகராத இலக்கு. எதிரியின் ஏவுகணைகளை முதலில் அழித்த பிறகுதான் அதற்கு வேலை. முதல் தலைவலியை அது தீர்க்காது.

வாஷிங்டனில் உள்ள வியூக மற்றும் சர்வதேச ஆய்வு மையம் இந்தப் போரை 24 முறை ஆடிப் பார்த்து 2023 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. பெரும்பாலான ஆட்டங்களில் சீனாவால் தீவைப் பிடிக்க முடியவில்லை. அதற்குக் கொடுத்த விலை: அமெரிக்காவுக்கு வழக்கமாக இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள், நூற்றுக்கணக்கான விமானங்கள், ஆயிரக்கணக்கான உயிர்கள். சீனக் கடற்படை சிதறிப்போனது, தைவானின் பொருளாதாரம் நொறுங்கியது. இதில் இரண்டு செய்திகள் முக்கியம். ஜப்பானில் உள்ள தளங்களிலிருந்து விமானம் எழாவிட்டால் அமெரிக்காவால் சரியாகப் போரிடவே முடியாது. தொலைவிலிருந்து கப்பலை அடிக்கும் அமெரிக்க ஏவுகணைகள் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோயின. ஒகினாவா தைவானிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர், அமெரிக்காவின் குவாம் தீவு 2,700-க்கும் மேல். ஜப்பானின் யோனகுனி தீவோ வெறும் 110 கிலோமீட்டர். 2025 நவம்பரில் ஜப்பான் பிரதமர் தகாய்ச்சி, தைவான் மீதான தாக்குதல் ஜப்பானின் உயிர்வாழ்வையே அச்சுறுத்தும் நிலையாக அமையலாம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னபோது பெய்ஜிங் அவ்வளவு கொதித்ததற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு செலவாகும் வழியை விட்டு, மலிவான வழிக்குப் போவோமே.

கடற்படையை வைத்துத் துறைமுகங்களை அடைப்பது முற்றுகை. சர்வதேசச் சட்டத்தில் அது போர்ச் செயல். 1962-ல் கியூபாவைச் சுற்றிக் கப்பல்களை நிறுத்திய கென்னடி, அதை முற்றுகை என்று சொல்லாமல் ‘தடுப்புவலயம்’ என்ற பொருளில் வேறு பெயர் வைத்ததும் அதனால்தான். சீனாவால் இதையே இன்னும் மென்மையாகச் செய்ய முடியும். தைவான் தன் மாகாணம் என்பது அதன் வாதம். அப்படியானால் அங்கே போகும் சரக்கு ‘எங்கள் சுங்கத்தில் பதிவு செய்ய வேண்டும்’ என்று ஓர் அறிவிப்பு போதும். பதிவு செய்யாத கப்பலைக் கடலோரக் காவல் படை நிறுத்தி ஏறிப் பார்க்கும். பத்தில் ஒன்றை நிறுத்தினாலே போதும். மிச்ச வேலையைக் காப்பீடு செய்துவிடும். லண்டன் காப்பீட்டுச் சந்தை ஒரு கடற்பகுதியை அபாயப் பட்டியலில் சேர்த்தால், அங்கே போகும் ஒவ்வொரு கப்பலும் தனிப் போர்க் காப்பீடு எடுக்க வேண்டும். 25 கோடி டாலர் மதிப்புள்ள எரிவாயுக் கப்பலுக்கு 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு பயணத்துக்கு 25 லட்சம் டாலர் கூடுதல் செலவு. பல உரிமையாளர்கள் கப்பலையே வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள்.

தைவான் தன் எரிசக்தியில் 95 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. மின்சாரத்தில் 40 சதவீதத்துக்கும் அதிகம் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. கடைசி அணு உலையை 2025 மே 17-ல் நிறுத்திவிட்டார்கள். ஆண்டுக்கு இறக்குமதியாகும் திரவ எரிவாயு 2 கோடி டன்னுக்குச் சற்று மேல். ஒரு கப்பல் 60, 70 ஆயிரம் டன் கொண்டுவரும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய நாளுக்கு ஒரு கப்பல். அவை யுங்ஆன், தைச்சுங், புதிதாக வந்த குவாந்தாங் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய முனையங்களில்தான் இறங்கும். எல்லாம் சீனாவை நோக்கிய மேற்குப் பக்கத்தில். நிலக்கரியை மாதக்கணக்கில் குவித்து வைக்கலாம், கச்சா எண்ணெய் மூன்று மாதத்துக்கு இருக்கிறது. எரிவாயுவை அப்படிச் செய்ய முடியாது. மைனஸ் 162 டிகிரியில் வைத்திருக்க வேண்டும், அப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும், தொட்டி கட்டப் பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான் 11 நாள். 2027-க்குள் 14 ஆக்குவது திட்டம். 2022 மார்ச் 3 அன்று தெற்கே ஷிங்டா மின்நிலையத்தில் நேர்ந்த ஒரே பிழையில் 50 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் இருளில் மூழ்கின. எதிரி யாரும் இல்லாமலேயே நடந்தது அது. என்னைக் கேட்டால், ஒரு நீர்மூழ்கிக் கப்பல் வாங்கும் பணத்தில் எரிவாயுத் தொட்டி கட்டுவது தைவானுக்கு அதிகப் பாதுகாப்பு தரும்.

உலகத்துக்கு இதில் என்ன வலி என்றால், அது சிப். மிக நுண்ணிய ரகச் சிப்களில் 90 சதவீதத்துக்கு மேல் தைவானிலேயே தயாராகிறது. ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படும் ஐபோனின் மூளையும் பெரும்பாலும் அங்கிருந்து வருவதுதான். இந்த ஆலைகளைப் பிடித்துக்கொண்டால் சீனாவுக்கு லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். பிடித்தால் கிடைப்பது கட்டடம்தான். இந்த மிக நுண்ணிய சிப்களை அச்சிடும் இயந்திரத்தை உலகத்தில் ஒரே ஒரு நெதர்லாந்து நிறுவனம்தான் செய்கிறது, உதிரிபாகமும் பராமரிப்பும் அதனிடமிருந்தே வர வேண்டும், ரசாயனங்கள் ஜப்பானிலிருந்து. மின்னழுத்தம் கண நேரம் இறங்கினாலே, பல வாரங்களாக உருவாகிக்கொண்டிருந்த சிலிக்கான் தட்டுகள் வீணாகும். 11 நாள் எரிவாயுவும் இந்தத் தட்டுகளும் ஒரே கம்பியில் தொங்குகின்றன.

கப்பலை நிறுத்தும் ஒத்திகை ஏற்கனவே நடந்திருக்கிறது. 2024 பிப்ரவரி 14 அன்று கின்மென் அருகே, தைவான் கடலோரக் காவல் படை துரத்தியதில் ஒரு சீன விரைவுப் படகு கவிழ்ந்து, அதிலிருந்த 4 பேரில் 2 பேர் இறந்தார்கள். இனி அங்கே தன் கடலோரக் காவல் படை முறையாக ரோந்து வரும் என்று 18-ஆம் தேதி சீனா அறிவித்தது. அடுத்த நாளே, 19-ஆம் தேதி, கின்மென்னைச் சுற்றிக் காட்டும் ஒரு சுற்றுலாப் படகை அதன் அதிகாரிகள் நிறுத்தினார்கள். 6 பேர் ஏறினார்கள். பயணத் திட்டம், படகின் சான்றிதழ், பணியாளர்களின் ஆவணங்கள் என்று வாங்கிப் பார்த்தார்கள். 32 நிமிடத்தில் இறங்கிப் போனார்கள். ஒருவருக்கும் கீறல் இல்லை. ஆனால் ‘இந்தத் தண்ணீரில் ஆவணம் கேட்கும் அதிகாரம் யாருக்கு?’ என்ற கேள்விக்கு அந்த 32 நிமிடத்தில் ஒரு பதில் எழுதப்பட்டுவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் ஒத்திகையில் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் தைவானைச் சுற்றி முழு வட்டம் போட்டன.

கேபிளும் அப்படித்தான். 2023 பிப்ரவரியில், தைவான் வசமுள்ள மாட்சு தீவுகளுக்குப் போகும் இரண்டு கடலடிக் கேபிள்களும் ஒரு வார இடைவெளியில் அறுந்தன. சீனக் கப்பல்கள்தான் காரணம் என்றது தைவான். மார்ச் கடைசி வரை அந்த மக்கள் ஒரு மின்னஞ்சலுக்குக்கூடக் காத்திருந்தார்கள். வேண்டுமென்றே செய்ததா, நங்கூரம் பட்டதா என்று நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாததுதான் இந்த முறையின் பலம்.

மூன்றாவது ஆபத்து, யாரும் திட்டமிடாத விபத்து. நீரிணையின் நடுவே 1950-களில் அமெரிக்கர்கள் வரைந்த ஒரு நடுக்கோடு உண்டு. சட்டத்தில் இல்லாவிட்டாலும் இரு பக்கமும் பல காலம் மதித்தன. 2022 ஆகஸ்டில், அப்போது அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவராக இருந்த நான்சி பெலோசி தைவான் தலைநகர் தைபே போய் வந்தபின் சீன விமானங்கள் அதை அன்றாடம் தாண்டுகின்றன. 2024-ல் தைவானின் வான் கண்காணிப்பு வலயத்துக்குள் வந்த சீன விமானங்கள் 3,000-க்கும் மேல். 2001 ஏப்ரலில் சீனாவின் ஹைனான் தீவு அருகே ஓர் அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதின. சீன விமானி இறந்தார், 24 அமெரிக்கர்கள் 11 நாள் தடுத்து வைக்கப்பட்டார்கள். அன்று இரு அரசுகளும் ஒரு கடிதத்தின் சொற்களைப் பேசிப் பேசித் தீர்த்துக்கொண்டன. இன்று அதே மோதல் தைவானுக்கு மேலே, சமூக ஊடகங்களின் கொந்தளிப்புக்கு நடுவே நடந்தால், பேச 11 நாள் கிடைக்குமா தெரியாது. பெலோசி பயணத்துக்குப் பின் அமெரிக்க, சீன ராணுவங்களுக்கு இடையிலான உயர்நிலைப் பேச்சையே சீனா நிறுத்தி வைத்தது. 2023 நவம்பரில் பைடனும் ஷியும் சந்தித்த பிறகுதான் மறுபடி தொடங்கியது. பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது முதலில் துண்டிக்கப்படுவது தொலைபேசி என்பது எனக்குப் பெரிய கவலை.

சரி, செய்திகளில் எதைக் கவனிப்பது? படையெடுப்பை ஒளித்து வைக்க முடியாது. வணிகப் பயணக் கப்பல்கள் தங்கள் வழித்தடங்களிலிருந்து காணாமல் போகும், ஃபூஜியான் கரையோரம் தற்காலிக மருத்துவமனைகளும் ரத்த இருப்பும் சேரும், விடுப்பில் இருப்பவர்கள் திரும்ப அழைக்கப்படுவார்கள், வெளிநாட்டில் உள்ள பணத்தைச் சீனா உள்ளே இழுக்கும். வாரக்கணக்கில் முன்பே செயற்கைக்கோளில் தெரிந்துவிடும். இவை எதுவும் இல்லாமல் வெறும் போர் விமான எண்ணிக்கை மட்டும் ஏறினால், அது அழுத்தம்தான். ஆனால் சுங்கத் துறையின் புது விதி, கப்பல்கள் முன்கூட்டியே தகவல் தர வேண்டும் என்ற அறிவிப்பு, ஒரு சரக்குக் கப்பலைச் ‘சோதனைக்காக’ ஒரு நாள் நிறுத்தி வைத்தது போன்ற சின்னச் செய்தி, உள்பக்கத்தில் நான்கு வரியில் வரும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கின்மென்னைப் பற்றி இன்னும் ஒன்று. 1958 ஆகஸ்ட் 23 தொடங்கி 44 நாளில் அந்தச் சிறு தீவின் மீது சுமார் 4,70,000 குண்டுகள் விழுந்தன. பிறகு ஒற்றைப்படை நாட்களில் மட்டும் சுடுவது என்று வழக்கமாகி, 1979 ஜனவரி 1 வரை போனது. விழுந்த குண்டுகளின் எஃகை அறுத்து அங்கே இன்றும் சமையல் கத்தி அடித்து விற்கிறார்கள். அதே தீவில் பெரிய ஆறு கிடையாது, நிலத்தடி நீர் குறைவு. 2018 ஆகஸ்டில் ஃபூஜியானிலிருந்து கடலடிக் குழாய் போட்டார்கள். இப்போது அங்கே குழாயைத் திறந்தால் வரும் குடிநீரில் பெரும்பகுதி சீனத் தண்ணீர். திறப்பும் அடைப்பும் எதிர்க்கரையில் இருக்கிறது.